எலுமிச்சம்பழத்தில் ஏறிய சக்கரம்

1

இதைப் பீற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்கள், குறிப்பாக அருப்புக்கோட்டையில் இருக்கும் என் அண்ணன், "இவளுக்கு வேற வேலை இல்ல" என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நாற்பத்தெட்டு வயதில் பழைய ரயில் தடத்தின் மேல் இரண்டு நாள் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும்.

நான் பினாங்குக்கு வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம். இங்கேயே பிறந்து வளர்ந்த குமரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. ஜார்ஜ் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் இருந்து மதியம் வரை ஊசியும் கையுமாக இருப்பேன். எந்தக் கையில் நரம்பு பிடிபடவில்லையோ அந்தக் கையை என்னிடம்தான் அனுப்புவார்கள். அதிலும் எனக்குத் தலைக்கனம் உண்டு.

இருபதாம் வருடத்தை நான் கொண்டாடிய விதம், விசா புதுப்பிக்க வரிசையில் உட்கார்ந்தது. என் போன்றவர்களுக்குக் கணவர் கூடவே வந்து, இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. அதற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை, முகப்பில் இருந்த பெண்ணும் தன்மையானவர்தான். ஆனால் என் முறை வந்ததும் அவர் என் தோளுக்கு மேலே பார்த்து, "சுவாமி மானா?" என்றார். கணவர் எங்கே என்று அர்த்தம். வந்த புதிதில் எந்தச் சாமியைத் தேடுகிறார்கள் என்று நான் திருதிருவென்று விழித்திருக்கிறேன். இப்போது மலாயில் பதில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். காடி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன், காருக்கு இங்கே அதுதான் பெயர். அவர் வந்ததும் வாருங்கள் என்று அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். இருபது வருடமாக இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருப்பவள், ஒரு மனிதர் காடியை நிறுத்திவிட்டு வரும்வரை நாற்காலியில் காத்திருந்தேன்.

அந்த எரிச்சலோடு வீடு திரும்பும்போதுதான் இது தொடங்கியது. பாலத்தின் மேல் காடி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்த எங்கள் மகள் தர்ஷினி மெல்ல ஆரம்பித்தாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டு, அடுத்த மாதம் ஜொகூருக்குப் படிக்கப் போகிறவள்.

"பா, ஜமால் அங்கிள் குரூப்ல ரெண்டு நாள் ரைட் போறாங்க. பழைய கெரேத்தா அப்பி ரோட்டுல. நானும் போகட்டா?"

கெரேத்தா அப்பி என்றால் ரயில். நிபோங் திபாலுக்குத் தெற்கே இரட்டைத் தண்டவாளம் போட்டபோது, பழைய ஒற்றைத் தடத்தில் சில துண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இரும்பைப் பெயர்த்து எடுத்த பிறகு மேடும் ஜல்லியும் மிஞ்சின. அந்தத் துண்டுகளையும் இடையே உள்ள எஸ்டேட் மண்பாதைகளையும் கோத்து, பேராக் மாநிலத்துக்குள் சுற்றிச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற வழி அது. ஜமால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற தம்பி. வாரக் கடைசியில் சைக்கிள்காரர்களுக்குத் தலைவர்.

"ரெண்டு நாளா? அம்மா கூட வந்தா போ லா," என்றார் குமரன், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த லாவோடு, கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அது சம்மதம் இல்லை. முடியாது என்பதை நோகாமல் சொல்கிற முறை. இந்த மண்ணில் கால் வைத்ததில் இருந்து நான் சைக்கிளைத் தொட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தர்ஷினி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எரிச்சல் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

"சரி, நான் வரேன்," என்றேன்.

நான் மிதித்தால் அவள் போகலாம், நான் பின்வாங்கினால் அவளுக்கும் பயணம் கிடையாது. ஜொகூருக்குப் போன பிறகு அம்மாவோடு சைக்கிள் ஓட்ட எந்தப் பெண்ணும் விடுமுறையில் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

2

அண்ணனுக்கு ஃபோன் போட்டு, பைக் வாங்கப் போகிறேன் என்றேன். தர்ஷினியும் அவள் கூட்டாளிகளும் சைக்கிளை அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணன் மோட்டார் பைக் என்று எடுத்துக்கொண்டு, லைசன்ஸ் இருக்கிறதா, மாப்பிள்ளை சம்மதித்தாரா என்று விசாரித்தான். சைக்கிள்தான் என்று விளக்கியதும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா, அங்க எதுவும் கஷ்டமா? மாப்பிள்ளைக்கு வேலை இருக்குல்ல?"

வீட்டு வாசலில் காடி நிற்கும்போது சைக்கிள் வாங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் சைக்கிள் ஓட்டவே தெரியாதவள் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டியவள். பெரிய ஆட்கள் ஓட்டும் வண்டிதான் கிடைக்கும். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு, உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக சந்தைத் திடலைச் சுற்றி வருவேன். சீமைக்கருவேல முள் குத்தாத நாள் கிடையாது. ஒருமுறை பஞ்சர் ஒட்டிக்கொண்டு நூறடி போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. முள்ளின் முனை டயருக்குள்ளேயே தங்கியிருந்திருக்கிறது. டயரைத் தடவிப் பார்க்காமல் டியூப்பை மட்டும் ஒட்டுகிறவளுக்கு எதற்கு சைக்கிள் என்று வாடகைக் கடைக்காரர் திடலே கேட்கத் திட்டினார். அதற்குப் பிறகு நான் தடவாமல் விட்டதே இல்லை.

இதையெல்லாம் தர்ஷினியிடம் சொன்னபோது அவள், "ஓகே மா," என்றாள். இந்த வயதுப் பிள்ளைகள் ஓகே என்றால் பேச்சை முடித்துக்கொள் என்று அர்த்தம். அவள் எதிர்பார்த்திருந்த பயணம் வேறு, கிடைத்திருக்கிற துணை வேறு. எனக்குப் புரிந்தது.

3

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த சைக்கிள் கடை. உரிமையாளர் ஒரு சீனர். எல்லாரும் கூப்பிடுவதுபோல் நானும் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அகலமான சீட்டும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் உள்ள ஒரு தடித்த வண்டியை இழுத்து வந்தார். தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டைக் கனம். தர்ஷினி வேறொன்றைக் காட்டினாள். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து, டயர் நடுத்தர அகலத்தில், நிறம் சேற்றுப் பச்சை. ஜல்லிப் பாதைக்கென்றே செய்தது என்றாள்.

என் கண் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வண்டியின் மேல்தான் இருந்தது. ஒரு விரலில் தொங்கவிடலாம், அவ்வளவு லேசு. டயர் என் பெருவிரல் அகலம்கூட இல்லை. லேசான வண்டி என்றால் லேசாக ஓடும், இதற்கு மேல் என்ன யோசனை என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, இது ரேஸ் பைக். ஜல்லியில தா போலே லா," என்றார் தவுக்கே, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் மலாயைக் கலந்து. முடியாது என்கிறார்.

"மா, அவர் சொல்றத கேளேன்," என்றாள் தர்ஷினி.

நான் கேட்கவில்லை. அந்த மாதம் முழுவதும் யாராவது ஒருவர் என்னிடம் முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கறுப்பு வண்டியையே இறக்கச் சொன்னேன். பிடிக்காவிட்டால் இந்த வாரத்துக்குள் கொண்டு வா, மாற்றித் தருகிறேன் என்றார் அவர். அதற்கு அவசியமே இருக்காது என்று நான் சொல்லிவிட்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

4

வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடாமல் ஓட்டக் கூடாது. இதில் அருப்புக்கோட்டைக்கும் பினாங்குக்கும் வித்தியாசம் இல்லை. சனிக்கிழமை காலையில் கோயில் வாசலில் புதுக் காடி ஒன்றும் ஒரு சின்ன லாரியும் வரிசையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் என் கறுப்பு வண்டியைப் பிடித்துக்கொண்டு நான். குமரன் தேங்காய்ப் பையோடு நின்றார். தர்ஷினியை வற்புறுத்தித்தான் அழைத்து வந்திருந்தேன்.

காடி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. லாரி ஏறியது. என் முறை வந்ததும் குருக்கள் ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரத்தைச் சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பழங்களை வைத்தார்.

"கையால தள்ளி ஏத்துனாப் போதும்மா."

"ஓட்டித்தான் ஏத்தணும் சாமி," என்றேன்.

ஏறி உட்கார்ந்து அழுத்தி மிதித்தேன். ஊசி போன்ற அந்த டயர் பழத்தின் உச்சியில் ஏறியது, பழம் உருண்டது, சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியது. அடுத்து நான் பார்த்தது வானம். இடுப்பில் நல்ல அடி. பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது உருண்டு போய் லாரிக்காரர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்து, பயபக்தியோடு குருக்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

குமரன் என்னைத் தூக்கி விட்டார். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"சாமியே வேணாம்னு சொல்லிருச்சு செல்வி. விட்டுரு லா."

நான் தர்ஷினியைத் தேடினேன். அவள் கொஞ்ச தூரம் தள்ளி, அந்தப் புதுக் காடி வீட்டாரோடு வந்தவள் மாதிரி, ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். இடுப்பு வலியைவிட அது அதிகமாக வலித்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் என் அறைக் கதவருகே வந்து நின்றவள் அவள்தான்.

"மா, அது சாமி இல்ல, டயர். காத்து கல்லு மாதிரி இருக்கு, டயர் சின்னது. ஒரு லீமாவ் மேல ஏற முடியல, அந்த ஜல்லி மேல எப்படி ஏறும்? ரெண்டு நாளைக்கு?"

லீமாவ் என்பது எலுமிச்சை. நான் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். அவள் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அப்ப எது ஏறும்னு பாத்துருவோம்," என்றேன்.

5

மறுநாள் பாசாரில், அதாவது சந்தையில், ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தவுக்கே கறுப்பு வண்டியைப் பார்த்தார், என் நடையைப் பார்த்தார், கடைசியில் பையைப் பார்த்தார். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தர்ஷினி ஆங்கிலத்தில் விளக்கினாள். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கடைவாசல் நடைபாதையை அவரே கூட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார்.

முதலில் தடித்த வண்டி. பழம் சட்னியாகிவிட்டது. ஆனால் அந்தத் தெருமுனை வரை போய் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் என் உழைப்பில் பாதியைத் தின்றது. அடுத்து சேற்றுப் பச்சை வண்டி. டயர் இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் வழவழப்பு, ஓரங்களில் சின்னச் சின்ன மொட்டுகள். பழத்தின் மேல் ஏறியது, லேசாக வழுக்கியது. நான் காலை ஊன்றிவிட்டேன்.

தர்ஷினி குனிந்து வால்வை அழுத்தி, புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விட்டாள். "இப்ப ஏறு மா."

அதே வண்டி, அதே டயர். பழத்தில் பட்டதும் டயர் கொஞ்சம் அமுங்கி, அதைக் கையால் பற்றுவதுபோல் பற்றி, நசுக்கிக்கொண்டு போனது. நான் ஆடவே இல்லை. இன்னும் கொஞ்சம் காற்றை விட்டுப் பார்த்தோம், வண்டி சேற்றில் போவதுபோல் இழுத்தது. கொஞ்சம் ஏற்றினோம், சரியாக வந்தது. அகலம் மட்டும் போதாது, எவ்வளவு காற்று என்பதும் உண்டு என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தெருவே எலுமிச்சை வாசனை. பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். தர்ஷினி இந்த முறை எங்கும் தள்ளிப் போகவில்லை. வால்வைப் பிடித்துக்கொண்டு என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கறுப்பு வண்டியைக் கொடுத்துவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டேன். அதற்கு டியூப் இல்லாத டயர் போடச் சொன்னார் தவுக்கே. உள்ளே பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றுவார்களாம். முள் குத்தினால் அந்தப் பால் கசிந்து, காற்று பட்டதும் கெட்டியாகி ஓட்டையை அடைத்துவிடுமாம். இதை நம்புவதற்கு எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் உறைவதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

நீண்ட பயணத்துக்கு வண்டி தேடுகிறவர்களுக்காக நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ரயில் ஓடுவதற்காகப் போட்ட பாதை ஆதலால் பெரிய ஏற்றமே இருக்காது, எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இறக்கமும் இருக்காது. சும்மா உட்கார்ந்து உருளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஹேண்டில்பார் முதுகை வளைக்காத உயரத்தில் இருக்க வேண்டும், கையை மாற்றி மாற்றிப் பிடிக்க இடம் இருக்க வேண்டும். சீட் அகலமாக இருந்தால் சுகம் என்று நினைக்காதீர்கள், தொடை உரசிப் புண்ணாகிவிடும். பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று இருக்கிறது. வெட்கப்படாமல் வாங்கிவிடுங்கள். நான் முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நடந்ததைப் பார்த்து அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரங்களில் பாலிக் புலாவ் பக்கம் தினமும் வேலை முடிந்த பிறகு போய்ப் பழகினேன். டுரியான் தோப்புகளுக்கு நடுவே ஏறும் சாலையில் என்னை ஒரு கோழி முந்திக்கொண்டு போயிருக்கிறது. தர்ஷினி முன்னால் போய் நின்று காத்திருப்பாள், சலிப்பைக் காட்டமாட்டாள், அதே சமயம் பேச்சும் கொடுக்கமாட்டாள்.

6

புறப்பாடு நிபோங் திபாலில். விடிந்தும் விடியாத நேரத்தில் ஜமால் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"பின்னாடி ஒரு வேன் வரும். முடியலன்னா ஏறிக்கலாம், தப்பே இல்ல. ஆனா ஏறினா ஏறினதுதான். அப்புறம் எறங்கி ஓட்ட முடியாது, எனக்குக் கணக்கு குழம்பிரும். அக்கா, கேட்டுச்சா?"

பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்த அக்கா நான்தான். வேனை ஓட்ட ஆள் வேண்டும் என்றபோது கையைத் தூக்கியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. குமரன் முன்சீட்டில் ஒரு தலையணையும் துண்டும் போட்டு வைத்திருந்தார், எனக்காகத்தான். புறப்படுவதற்கு முன் பாசாருக்குள் போய், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையோடு வந்து, அதைச் சீட்டுக்கு அடியில் செருகினார். எனக்கு மயக்கம் வந்தால் கொடுக்க ஏதோ வாங்கி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் வைராக்கியம் கூடியது.

முதல் நாளை நான் ஓட்டி முடித்தேன். ஒரே வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் என் முட்டியைக் கேட்டால் ஒரு புத்தகம் சொல்லும். மேட்டின் மேல் நேராக, கண்ணுக்கு எட்டியவரை ஒரே கோடாக ஓடுகிறது தடம். இரு பக்கமும் செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கிற பனை. இடையிடையே ஓடைகளின் மேல் இரும்புப் பாலங்கள். ஜல்லி வரும் இடங்களில் மற்றவர்களின் வண்டி தடதடவென்று குதிக்க, என் டயர் ஒவ்வொரு கல்லையும் அமுக்கிக்கொண்டு போனது. டயரில் இரண்டு இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்து உறைந்திருந்ததை இரவு தங்கிய இடத்தில் பார்த்தேன். முள் குத்தியதே எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மதியம் தாண்டி, நாங்கள் இருவரும் கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். தர்ஷினியின் வண்டி அவளுடைய பழைய மலை சைக்கிள். டயர் அகலம்தான், ஆனால் உள்ளே டியூப். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் பாதையில் சரிந்து கிடந்த ஓர் இடத்தைக் கடந்ததும் அவளுடைய பின்சக்கரம் காற்று இறங்கித் தரை தட்டியது. செம்பனை மட்டையின் முள்ளுக்கு முன்னால் எங்கள் சீமைக்கருவேலம் சாது.

அவளே மளமளவென்று கழற்றி, கொண்டுவந்த மாற்று டியூப்பைப் போட்டாள். கொஞ்ச தூரம் போனோம், மறுபடியும் இறங்கியது. அதையும் ஒட்டினாள், அதுவும் இறங்கியது. மூன்றாவது முறை அவள் டயரைக் கீழே போட்டுவிட்டு மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் வேன் எங்களை எட்டிவிட்டது. குமரன் இறங்கி வந்து கதவைத் திறந்தார். தலையணையை எடுத்துப் பின்னால் போட்டு மகளுக்கு இடம் பண்ணினார்.

"ஏறிக்கோ தர்ஷினி. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு லா."

அவள் கண் கலங்கியிருந்தது. "நீ போ மா. உன் பைக் ஓகேதான. நான் வேன்ல வரேன்."

எந்தப் பெண் போகவேண்டும் என்பதற்காக நான் கோயில் வாசலில் விழுந்தேனோ, அவள் வேனில் ஏறி, நான் மட்டும் போய்ச் சேர்வதா? நான் கையுறையைக் கழற்றினேன்.

"உள்ள தடவிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன் மா. ஒன்னும் இல்ல."

டயரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேலையிலும் அப்படித்தான் செய்வேன். கண்ணுக்குத் தெரியாததைக் கண் தேடிக்கொண்டிருந்தால் விரலுக்கு எதுவும் கேட்காது. முதல் சுற்றில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது சுற்றில் டயரை வெளியில் இருந்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டே, உள்ளே விரல் நுனியை மிக மெதுவாக நகர்த்தினேன். ஓர் இடத்தில் முடி பட்டதுபோல் சுருக்கென்றது. அமுக்கினால் எட்டிப் பார்க்கிறது, விட்டால் ரப்பருக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒடிந்த முள் முனை. மேலே ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் அது வெளியே வந்து டியூப்பைக் குத்தும், அதனால்தான் அவள் கைக்குச் சிக்கவில்லை. முதலுதவிப் பையில் இருந்த இடுக்கியால் பிடித்து இழுத்தேன். எள்ளளவுதான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து இருவருக்கும் காட்டினேன்.

குமரன் அதுவரை எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். போய் அணைத்துவிட்டு வந்து, பம்பை எடுத்து அவரே காற்றடித்தார். நான் ஒட்டினேன், தர்ஷினி சக்கரத்தைப் பூட்டினாள். காற்று நின்றது.

"நீங்க பின்னாடி வாங்க, நாங்க போறோம்," என்றேன் அவரிடம். அவர் வேன் கதவைச் சாத்தினார்.

தண்ணீர் குடிக்கக் கூட்டம் நின்ற இடத்தில் போய்ச் சேர்ந்தோம். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் தர்ஷினியின் குரல் கேட்டது.

"ஜமால் அங்கிள், எங்கம்மா கண்ண மூடிக்கிட்டே முள்ள எடுத்தாங்க. சீரியஸ் லா. அவங்க ரத்தம் எடுக்கிறவங்க, தெரியுமா? நரம்பு கிடைக்காதவங்கள எல்லாம் எங்கம்மாகிட்டதான் அனுப்புவாங்க."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் வெளியில் யாரிடமாவது சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் அங்கேயே நின்று இன்னும் ஒரு தடவை முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

7

பயணம் முடிகிற இடம் ஒரு சின்ன ஊரின் திடல். வேன் எங்களைக் கடைசி மைலில் முந்திக்கொண்டு போய்விட்டது. நாங்கள் திடலுக்குள் திரும்பும்போது எல்லாரும் ஏற்கனவே வந்து வண்டியைச் சாய்த்துவிட்டு, இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டினார்கள். ஜமால் எழுந்து நின்றே தட்டினார்.

திடலின் வாயிலில் குமரன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கையில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பை. எனக்குப் புரிவதற்குள், இருபது வருடமாக எனக்காக முகப்புகளில் கையெழுத்துப் போட்டு வரும் அந்த மனிதர், அத்தனை பேர் முன்னால் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் பின்சக்கரத்துக்கு ஒன்றையும் வைத்தார்.

"கோயில்ல பாக்கி இருக்கு," என்றார். "ஏத்து."

மிதித்தேன். முன்சக்கரம் ஏறி நசுக்கியது, பின்சக்கரம் ஏறி நசுக்கியது. நான் ஆடவில்லை. சாறு அவர் கால்சட்டையில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பின்னால் இருந்து இன்னொரு சக்கரம் மெல்ல உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது.

"எனக்கும் வைங்கப்பா," என்றாள் தர்ஷினி.

குமரன் பைக்குள் கையை விட்டார். நேற்றுக் காலை வாங்கியது, தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. உள்ளே சரியாக இன்னும் இரண்டு பழங்கள் இருந்தன.